ஒரு வரியில் கட்டிய பாலம்

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் கண்டுபிடித்துக் கடிதம் எழுதி, தபால்காரருக்கு ஏன் வீண் அலைச்சல்? முப்பது வயதுகூட நிரம்பாத காலத்தில், டெல்லியில் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, திருநெல்வேலிப் பக்கத்து ஆறு ஒன்றின் மேல் நான் ஒரு பாலம் கட்டினேன். செங்கல் கிடையாது, சிமெண்டு கிடையாது, கொத்தனார் கிடையாது. ஒரே ஒரு வரி. வண்டி போக முடியாது என்பதைத் தவிர அந்தப் பாலத்தில் வேறு குறையே இல்லை.

போன வாரம் நான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைப் படித்துவிட்டு, இதற்கு மேலும் ஒரு மனிதர் அசடாக இருக்க முடியுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும். ஸ்கூட்டரில் விழுந்தது நான் ஒருத்தன்தான்.

துண்டு ஓர் ஆறு

எழுபதுகளின் நடுவில் ஒரு ஜனவரி ஞாயிறு. ஆர்.கே.புரத்தில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அந்த வீட்டுக்குக் குளிர்காலத்தில் ஒரு பாய் அளவுக்குத்தான் வெயில் வரும். காலையில் பால்கனிப் பக்கம் விழும். பிறகு மெல்ல உள்ளே நகரும். நாங்கள் பாயை இழுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவோம்.

அன்று அந்தப் பாயில் என் பழைய ஸ்வெட்டரையும் என் குரங்குத் தொப்பியையும் மாட்டிக்கொண்டு சுடலைமுத்து அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பஸ் டிரைவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

சமையலறையிலிருந்து ஒவ்வொரு சாமானாகக் கேட்டு வாங்கித் தரையில் வைத்தார். பருப்பு டப்பா, நாலுமுக்கு என்கிற ஊர். சாலை அங்கேதான் ஆரம்பம். உப்பு ஜாடி, உப்பளத்துறை. சாலை கடலைப் பார்த்து நிற்கிற இடம். நடுவில் என் நீலத் துண்டை முறுக்கிக் குறுக்கே போட்டார். அது செவலாறு. துண்டுக்கு இந்தப் பக்கம் ஒரு காப்பித் தம்ளர், அந்தப் பக்கம் ஒரு காப்பித் தம்ளர். இக்கரை வேப்பங்காடு, அக்கரை சாத்தன்விளை. தீப்பெட்டிதான் பஸ். அதைத் துண்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இப்ப சொல்லுங்க தம்பி. பாலம் எங்க இருக்கு?"

நான் துண்டையே உற்றுப் பார்த்தேன். சமையலறை வாசலில் நின்று என் மனைவி மரகதம் என்னை உற்றுப் பார்த்தாள்.

"ஒருத்தன் இருக்குன்னு எழுதி வச்சிருக்கான். அவன் யாருன்னு தெரிஞ்சா போதும். ஐப்பசி கார்த்திகைல கூட்டிட்டுப் போயி, எங்கல பாலம்னு கேட்டு எறக்கி விட்டுருவேன்."

"கண்ணு தெரியாத பயலா இருப்பான் அண்ணாச்சி" என்றேன்.

மூன்று நாளாக இப்படித்தான். அவர் திட்டுவார், நான் கூடச் சேர்ந்து திட்டுவேன். சில இடங்களில் அவரைவிட நன்றாகவே திட்டினேன். அவனை எனக்கு அவரைவிட நெருக்கமாகத் தெரியும் அல்லவா.

நான் நிபுணன் ஆன கதை

நான் வேலை பார்த்தது சாலைகளைக் கவனிக்கிற ஓர் அரசு அலுவலகம். பெயர் வேண்டாம், பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது. மாநில நெடுஞ்சாலைகள் மாநிலத்தின் பாடு. ஆனாலும் பெரிய பாலம், அத்தியாவசியமான பாலம் என்றால் டெல்லி கொஞ்சம் கை கொடுக்கும். யாருக்குக் கை கொடுப்பது, யாருக்கு விரித்துக் காட்டுவது என்று எழுதிவைக்கிற பிரிவில் நான் ஒரு உதவியாளன்.

காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், மாலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவேன். நடுவில் நாற்காலியில் தொங்குவேன். இந்தியாவின் சாலைகளையெல்லாம் பார்த்துக்கொண்ட அந்த வருஷங்களில் நான் பார்த்த ஒரே சாலை ஆர்.கே.புரத்திலிருந்து அலுவலகம் போகும் சாலைதான். அதையும் முன்னால் நிற்பவரின் அக்குள் வழியாகத்தான் பார்த்தேன்.

எங்கள் செக்ஷன் ஆபீசர் மல்ஹோத்ரா ஸாப். நல்ல மனிதர். விந்திய மலைக்குக் கீழே இருப்பது ஒரே ஊர், அதன் பெயர் மதராஸ் என்பது அவர் பூகோளம். அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அண்ணாச்சி வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னால் ஒரு நாள், கோப்பு ஒன்றை என் மேஜையில் வைத்து, இந்தச் சாலை உன் பக்கம்தானே என்று கேட்டார். திருநெல்வேலி மாவட்டம் என்று போட்டிருந்தது. என் பக்கம்தான் என்றேன்.

என் பக்கம் என்பது மேற்கே, குற்றாலச் சாரல் விழும் பக்கம். சாலை இருந்ததோ கிழக்கே, செம்மண் தேரி மேடும் பனங்காடுமாகக் காய்கிற பக்கம். நடுவில் முழுசாக ஒரு பகல் பஸ் பிரயாணம். நான் அந்தத் திசைக்குத் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

"அச்சா, போயிருக்கிறாயா?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சின்னச் சொல்தான், நாக்குக்கு ஒரு சிரமமும் இல்லை. ஆனால் டெல்லிக்கு வந்த அத்தனை வருஷத்தில் என் ஊர்ப் பக்கத்தைப் பற்றி ஒருவர் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. பலமுறை போயிருக்கிறேன் ஸார் என்று சொல்லிவிட்டேன். சொன்னது போதாதென்று, காற்று பிரமாதமாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அப்படியானால் சாலையின் வழித்தடமும் வரலாறும் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடு, நாலு மணிக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்னிடம் இருந்தது ஒரு வரைபடம். ஆற்றின் நீலக் கோட்டைச் சாலை தாண்டும் இடத்தில் குட்டிக் குட்டியாக இரண்டு கோடுகள். பாலத்துக்கு ஒரு குறி உண்டு, தரைப்பாலத்துக்கு ஒரு குறி உண்டு. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எது அண்ணன், எது தம்பி என்று படத்தின் மூலையில் விளக்கம் போட்டிருக்கும். அந்த மூலையில் எனக்கு முன்னால் யாரோ பல வருஷம் டீ கிளாஸ் வைத்துப் பழகியிருந்தார்கள். பழுப்பு வட்டத்துக்குள் ஒரு எழுத்தும் தெரியவில்லை. மணி மூன்றே முக்கால்.

"இச்சாலை செவலாற்றை ஒரு நல்ல பாலத்தின் வழியே கடக்கிறது" என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

பாலம் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த 'நல்ல' எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். வாக்கியம் மொட்டையாக இருப்பதாகப் பட்டிருக்க வேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இலக்கிய ஆர்வம் உண்டு.

மாட்டுக்குத் தெரிந்த வழி

வரலாற்றையும் விட்டுவைக்கவில்லை. பண்டைக் காலந்தொட்டு மன்னர்களும் யாத்திரிகர்களும் இவ்வழியே சென்றதாக எழுதினேன். எந்த மன்னர் என்று யாரும் கேட்கவில்லை. மதராஸில் மன்னர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள் என்று மல்ஹோத்ரா ஸாப் நினைத்திருக்கலாம்.

உண்மையான வரலாற்றைப் பின்னால் அண்ணாச்சி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மன்னர் யாரும் வரவில்லை. உப்பு வண்டிதான் வந்தது. மேற்கேயிருந்து வைக்கோலும் நெல்லும் ஏற்றிப்போய், உப்பும் கருப்பட்டியும் ஏற்றித் திரும்புவார்கள். திரும்பும்போது வண்டிக்காரர் தூங்கிவிடுவார், மாடு வழி பார்த்துப் போகும். மாடு தண்ணீர் குடிக்க எங்கெல்லாம் ஒதுங்கியதோ அங்கெல்லாம் இன்றைக்கும் சாலையில் ஒரு வளைவு இருக்கிறதாம். குளம் தூர்ந்துவிட்டது, வளைவு இருக்கிறது. எங்கள் வீட்டுத் தரையில் தீப்பெட்டியை ஓட்டிக் காட்டும்போதுகூட ஒவ்வொரு வளைவிலும் அவர் தோள் லேசாகச் சாய்ந்தது.

பிறகு ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். அவர் சம்சாரத்துக்குக் கடல் காற்று வேண்டியிருந்தது. சரளை போட்டார்கள். அதனால்தான் சாலை கடைசியில் ஊருக்குள் போகாமல், இடிந்த பங்களா ஒன்றின் வாசலுக்குப் போய் முட்டித் திரும்புகிறது. துரை போன பிறகு இரண்டு பக்கமும் புளிய மரம் வைத்து, மரத்தில் தார்ப் பூசி நம்பர் போட்டார்கள். அதற்கப்புறம் மாநில நெடுஞ்சாலை என்று உயர்த்தினார்கள்.

உயர்த்தியதும் என்ன மாறியது என்று கேட்டேன்.

"மைல் கல்லுல பெயிண்டு மாறிச்சு" என்றார்.

ஆறு மட்டும் எந்தக் காலத்திலும் மாறவில்லை. மணலோடு மணலாகப் போட்ட தரைப்பாலம். எட்டு மாதம் காய்ந்து கிடக்கும், அதன் மேல் ஆடு படுத்திருக்கும். ஐப்பசியில் மழை பிடித்தால் தண்ணீர் மேலே ஏறும். ஓரத்தில் நட்ட கல்லில் வெள்ளைப் பட்டை அடித்திருப்பார்கள். பட்டை மூழ்கினால் பஸ் நிற்க வேண்டும். சில வருஷம் ஒரு நாள், சில வருஷம் பத்து நாள். அக்கரையில் ஒன்பது கிராமம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம் இக்கரையில்.

எனக்கு நானே சாட்சி

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். எழுதப்பட்டது இருக்கிறது, எழுதப்படாதது இல்லை. போய்ப் பார்ப்பது என்பது எங்கள் முறையில் கிடையாது. பழைய பக்கத்தைப் பார்ப்பதுதான் முறை.

அதனால் செவலாற்றுக்குப் பாலம் வேண்டும் என்று மாநிலத்திலிருந்து முதல் கோரிக்கை வந்தபோது, யாரோ என் பக்கத்தைப் புரட்டி, பாலம் ஏற்கெனவே உள்ளது என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி கோரிக்கை வந்தது. அப்போது ஒரு மனசாட்சிக்காரர், எதற்கும் உறுதி செய்துகொள்வோம் என்று கீழே ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் போட்டார். அங்கே என்னைப் போலவே ஒரு ஜீவன் உட்கார்ந்திருந்திருக்கும். ஜீப்புக்கு டீசல் இருந்திருக்காது. கோப்பைப் புரட்டியிருக்கிறார். அதில் எங்கள் குறிப்பின் நகல் இருந்திருக்கிறது. செவலாற்றின் குறுக்கே நல்ல பாலம் ஒன்று உள்ளதாகத் தெரிகிறது என்று பதில் எழுதிவிட்டார்.

அந்தப் பதில் என் மேஜைக்குத்தான் வந்தது. நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். கொஞ்ச நாளாக அந்தப் பழுப்பு வட்டம் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது. பரவாயில்லை, சரியாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று தோன்றியது. அவரும் நல்ல பாலம் என்றே சொல்கிறாரே! என் பொய் ஊருக்குப் போய், குளித்து, முத்திரை குத்திக்கொண்டு, எனக்கே சாட்சி சொல்லத் திரும்பி வந்திருப்பது எனக்குத் தெரியவில்லை. மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் கோரிக்கையும் போயிற்று.

கோயிலில் பங்கீடு

அந்தக் காலத்தில் டெல்லிக்குப் புதிதாக வருகிற தமிழர்கள் பெட்டியும் கையுமாக நேரே மலை மந்திருக்கு வந்துவிடுவார்கள். முருகனைக் கும்பிட்டுவிட்டு, பிரகாரத்தில் நின்று எந்த ஊர் என்று உரக்கச் சொல்ல வேண்டியதுதான். தஞ்சாவூர் என்றால் ஒருவர் கூட்டிப் போவார், மதுரை என்றால் இன்னொருவர். திருநெல்வேலி என்றால் என் வீடு.

ஒன்பது கிராமத்துக்காரர்களும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த மனுவோடு சுடலைமுத்து அண்ணாச்சி அப்படித்தான் வந்தார். நெடுந்தூரம் போய்ப் பழகியவர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்களாம். இருபது வருஷமாக நாலுமுக்கிலிருந்து உப்பளத்துறைக்குப் போய் வந்ததுதான் அவர் பழகிய நெடுந்தூரம். தோளில் ஒரு துணிப்பை, கையில் பனையோலைக் கொட்டானில் கருப்பட்டி. சாலை ஆபீசிலேயே வேலை பார்க்கிற ஊர்க்காரர் கிடைத்துவிட்டார் என்று கோயிலிலேயே அவர் கண் கலங்கிவிட்டது.

வந்த அன்றே பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். டைப் அடித்த நகல். எவனோ ஒருவன் எழுதிய இந்தக் குறிப்பால்தான் பாலம் நின்றுபோனதென்று ஊர் ஓவர்சியர் இரக்கப்பட்டுக் கொடுத்தாராம். இங்கிலீஷில் இருக்கிறது, தமிழில் சொல்லுங்கள் என்றார்.

மன்னர்களும் யாத்திரிகர்களும் என்று தொடங்கியதுமே அந்த எவனோ ஒருவன் யார் என்று தெரிந்துவிட்டது. என் எழுத்தை நானே மொழிபெயர்த்தேன். அந்த வரி வந்ததும், பாலத்தின் வழியே கடக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"நல்ல பாலம்னுல்லா போட்டிருக்குன்னு ஓவர்சியர் சொன்னாரு?"

"ஆமா. நல்ல பாலம்" என்றேன்.

அன்று இரவு மரகதத்திடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். என் அசட்டுத்தனங்களுக்கெல்லாம் சிரித்தவள்தான். ஆனால், எப்போ சொல்லப் போறீங்க என்று மட்டும் கேட்டாள். நேரம் பார்த்து என்றேன். மூன்று நாள் நேரம் பார்த்தேன்.

எஞ்சின்

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாய்க்கே திரும்ப வேண்டும். எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் இவ்வளவு நேரம் உப்பு வண்டியில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கண் தெரியாத பயல் என்று நான் சொன்னதற்கு அண்ணாச்சி சிரிக்கவில்லை. தீப்பெட்டியைத் துண்டுக்குப் பக்கத்தில் நேராக்கி வைத்தார். பிறகு, யாரிடமோ நேரம் சொல்வதுபோல, அந்தக் கார்த்திகையைப் பற்றிச் சொன்னார். நடந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவர் மகளை அக்கரைச் சாத்தன்விளையில்தான் கட்டிக்கொடுத்திருந்தார். தலைப்பிரசவம். விடியற்காலையில் வலி எடுத்திருக்கிறது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார்கள். இந்தப் பக்கம் இவர் பஸ்ஸோடு நிற்கிறார். கல்லில் வெள்ளைப் பட்டை தெரியவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மருமகன் கையை ஆட்டுவது தெரிகிறது. கட்டில் மேல் பிடித்திருந்த குடை தெரிகிறது.

"தண்ணி வடிஞ்சா ஒரு நிமிசம் வீணாயிரக் கூடாதுன்னு எஞ்சின அணைக்கவே இல்ல. பொழுது சாயுத மட்டும் ஓடிச்சு."

பொழுது சாய்ந்ததும் கட்டிலைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மகள் பிழைத்தாளா என்று கேட்டது மரகதம்.

"அவ இருக்கா தாயி. பிள்ளை தங்கல."

வெயில் பாயை விட்டு நகர்ந்துவிட்டது. யாரும் பாயை இழுக்கவில்லை. கீழே ரொட்டிக்காரன் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனான். நான் துண்டைப் பார்த்துக்கொண்டே, அதை எழுதினது நான்தான் அண்ணாச்சி என்றேன். போனதில்லை, பார்த்ததில்லை, படத்தில் குறி தெரியவில்லை, நேரம் ஆகிவிட்டது என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல ஒவ்வொரு காரணமும் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துக்கொண்டே போயிற்று. இதில் எங்கேயாவது சிரிக்க இடம் இருக்குமா என்று என் புத்தி தேடியது, ஒப்புக்கொள்கிறேன். இல்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்கரையில் இருந்த தம்ளரை எடுத்து, ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"காயிதம் எடுங்க சார்" என்றார். "நாலுமுக்குலேருந்து சொல்லுதேன்."

மூன்று நாளாகத் தம்பியாக இருந்தவன் அந்த நிமிஷம் சார் ஆனேன்.

இல்லாத பாலத்தை இடிப்பது எப்படி

திங்கட்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனேன். குளிர்காலத்தில் எங்கள் இலாகா மதியத்துக்கு மேல் புல்வெளியில்தான் நடக்கும். வெயிலில் ஒரு பக்கம் ஸ்வெட்டர் பின்னுவார்கள், ஒரு பக்கம் வேர்க்கடலை உரிப்பார்கள். அவரை அங்கே உட்கார வைத்துவிட்டு மல்ஹோத்ரா ஸாபிடம் போனேன்.

முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார். பலமுறை போயிருப்பதாகச் சொன்னாயே என்றார். ஒருமுறைகூட இல்லை ஸார் என்றேன். அந்த வருஷம் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. அவர்தான் சிபாரிசு செய்திருந்தார். கொஞ்ச நேரம் மேஜைக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். பாலம் வெள்ளத்தில் போய்விட்டது என்று எழுது. உடனே புதுப் பாலத்துக்கான கோரிக்கை செல்லுபடியாகும். உன் மேலும் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

எவ்வளவு அழகான யோசனை! நான் ஒரு வரியில் கட்டினேன். அவர் ஒரு வரியில் இடித்துக் கொடுத்தார். எங்கள் அலுவலகத்தில் இயற்கைச் சீற்றம்கூட நாலு மணிக்குள் முடிந்துவிடும். நன்றி சொல்லிவிட்டு, ஓட்டமும் நடையுமாகப் புல்வெளிக்கு வந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கையிலிருந்த கடலையை உரித்து முடித்தார்.

"பாலம் போயிருந்தா ஏன் சொல்லலன்னு எங்க ஓவர்சியரக் கேப்பாங்கல்லா, சார்?"

கேட்பார்கள். மெமோ வரும். அந்த மனிதர் இரக்கப்பட்டு நகல் கொடுத்ததற்கு, இல்லாத பாலத்தைத் தொலைத்துவிட்டு மறைத்த குற்றம் அவர் தலையில் விழும். எழுதிப் பிழைக்கிற எனக்குத் தெரியாதது ஸ்டியரிங் பிடிக்கிறவருக்குத் தெரிந்தது.

உள்ளே போய் எழுதினேன். முதல் குறிப்பை எழுதியவன் நான், அந்தச் சாலையை நான் பார்த்ததில்லை, ஆற்றில் தரைப்பாலம் மட்டுமே உண்டு, அதன் பின் வந்த எல்லா உறுதிமொழிகளும் என் ஒரு வரியின் நகல்கள். கூடவே புது வழித்தடக் குறிப்பு ஒன்பது பக்கம், நாலுமுக்கு தொடங்கி இடிந்த பங்களா வரை. ஒவ்வொரு வளைவும், புளிய மரத்து நம்பரும், பட்டை மூழ்கினால் பஸ் நிற்கும் இடமும் அதில் இருந்தன. என் சொந்தச் சரக்காக 'நல்ல' என்றோ 'பிரமாதமான' என்றோ ஒரு சொல்கூட இல்லை. என் உத்தியோக வாழ்க்கையில் நான் எழுதிய உருப்படியான ஒரே குறிப்பு அது. அதுவும் ஒரு டிரைவர் சொல்லி எழுதியது.

மல்ஹோத்ரா ஸாப் இரண்டு முறை படித்தார். நீ பைத்தியம் என்று ஹிந்தியில் சொன்னார். சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார்.

எனக்கு மெமோ வந்தது. பட்டியலில் என் பெயருக்குக் கீழே இருந்தவர் மேலே போனார். மூன்று வருஷம் அவருக்கு ஸார் போட்டேன். இதில் தியாகம் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதற்குப் பதவி ஒரு தடையே அல்ல.

பாலம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. அடுத்த வருஷம் அல்ல, அதற்கடுத்த வருஷமும் அல்ல. கோப்பு ஏறியது, இறங்கியது, தூங்கியது. எத்தனை கார்த்திகை போயிற்று என்று எண்ண எனக்குத் தைரியம் இல்லை. எண்பதுகளில், நான் வேறு பிரிவுக்கு மாறி முன்மண்டை வழுக்கையான பிறகு, பழைய நண்பர் ஒருவர் அதன் நிறைவு அறிக்கையைக் காட்டினார். செவலாற்றின் குறுக்கே நல்ல பாலம் ஒன்று அமைந்துள்ளது என்று போட்டிருந்தது. எழுதியவர் நேரில் போய்ப் பார்த்தாரா என்று மட்டும் அதில் இல்லை.

புது டெல்லி, மாலை வண்டி

அண்ணாச்சி வந்த எட்டாம் நாள் ஊருக்குக் கிளம்பினார். மரகதம் இட்லிக்கு மிளகாய்ப் பொடி தடவிக் கட்டிக் கொடுத்தாள். வாரேன் தாயி என்று அவளிடம் வாய் நிறையச் சொல்லிக்கொண்டார். ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார். போகிற வழியெல்லாம் குளிரும் என்று நான் அதைப் பைக்குள் திணிக்க வேண்டியிருந்தது.

அந்த ஐந்து நாளும் அவர் என்னோடு பேசாமல் இல்லை. சாலையைப் பற்றி எவ்வளவு கேட்டாலும் சொன்னார். அதைத் தாண்டி ஒரு சொல் இல்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நான் கூடச் சேர்ந்து திட்டியிருப்பேன், எனக்குப் பழகிவிட்டது.

ஸ்டேஷனில் புகையும் பனியும் கலந்து கிடந்தது. அவரை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுப் பிளாட்பாரத்தில் நின்றேன். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். மறுபடி டீ வாங்கிக் கொடுத்தேன். கோப்பு மேலே போயிருக்கிறது, நான் விட மாட்டேன் என்று நாலைந்து தடவை சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வண்டி ஒரு முறை குலுங்கியது. எனக்குப் பதற்றமாகிவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை அந்தப் பக்கம் வர வேண்டும், உங்கள் பஸ்ஸிலேயே நாலுமுக்கிலிருந்து கடைசி வரை போய்ப் பார்க்க வேண்டும், எப்போது வந்தால் வசதியாக இருக்கும் அண்ணாச்சி என்று கேட்டேன். தம்பி என்பாரா, சார் என்பாரா என்று காது காத்துக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவர் என் கண்ணை நேராகப் பார்த்தார்.

"கார்த்திகைல வாங்க."